‘வ’ திரும்பி வந்த கதை

கார்த்திகையில எனக்கு முன்பல் ரெண்டும் மாட்டியாச்சுங்க. மேல்வரிசையில நட்டநடுவுல இருக்கற பெரிய பல்லு ரெண்டு. ஒன்பது மாசமா நான் வாயைத் திறந்து சிரிக்கற போட்டோ ஒன்னுகூடப் போடலையேன்னு சிலபேர் கேட்டிருந்தீங்க. காரணம் இதுதான். மஞ்சளையும் தென்னையையும் பத்தி எழுதறவன் எதுக்குப் பல்லுக்குப் போயிட்டான்னு நினைக்காதீங்க. இந்தப் பல்லைப் பொருத்தற வேலையைப் பக்கத்துல இருந்து பார்த்தப்ப, நம்ம மோட்டார் ரூம்புலயும் பந்தல் தோட்டத்துலயும் செய்யற வேலை மாதிரியே பாதி இருந்துச்சு. அதைச் சொல்லலாம்னுதான் உக்காந்தேன்.

பல்லு எப்படிப் போச்சுன்னு முதல்ல சொல்லிர்றேன். மாசி மாசம். எங்க காங்கேயம் மாட்டோட காளைக்கன்னு, செவலையாப் பொறந்தது, அப்பத்தான் மயிலை நிறத்துக்கு மாறிட்டு இருந்துச்சு. பால் ஊட்டி முடிச்சு, கன்னைப் பிடிச்சுக் கட்டத் தும்பைக் குனிஞ்சு எடுத்தேன். எங்கயோ பட்டாசுச் சத்தம். கன்னு தலையை ஒரே தூக்கு. மண்டை நேரா என் வாயில. வலிகூட அப்புறம்தான் தெரிஞ்சுது. ஒரு பல்லு சாணியில கிடந்துச்சு, இன்னொன்னு பாதியில முறிஞ்சு வேரு உள்ளயே நின்னுருச்சு.

அடுத்த நாளே தெரிஞ்ச விசயம், என் வாயிலிருந்து ஒரு எழுத்தைக் காணோம். ‘வ’. பள்ளிக்கூடத்துல எழுத்துகளின் பிறப்புன்னு படிச்சிருப்பீங்க. மேல்பல்லும் கீழுதடும் சேர்ந்தாத்தான் வகரம். தொல்காப்பியத்துலயும் அப்படித்தான், நன்னூல்லயும் அப்படித்தான். மதிப்பெண்ணுக்குப் படிச்சது, ஐம்பது வயசுக்கு மேல என் வாயிலயே நிரூபணம் ஆச்சு. கீழுதடு மேல போய்த் தொடப் பார்க்குது, தொடறதுக்கு அங்க ஒன்னும் இல்ல, காத்துதான் வருது. ‘த’வும் ‘ந’வும்கூடக் கொஞ்சம் வழுக்குச்சு. ஆனா நாக்கு ஒரு வாரத்துல அதுக்கு வேற வழி கண்டுபிடிச்சுருச்சு. ‘வ’வுக்கு வழியே இல்ல.

இதுல என்ன பெரிய கஷ்டம்னு கேப்பீங்க. வாரத்துல மூனு நாள் விடியக்காலையில உழவர் சந்தையில கடை போடறவன் நான். “வாங்க வாங்க, வாழக்கா, வெண்டக்கா”ன்னு கூப்பிடணும். அத்தனையும் வகரம்! நான் “ஃபாங்க”ன்னு சொன்னா பக்கத்துக் கடைப் பசங்க திரும்பிப் பார்த்துச் சிரிக்கறாங்க. அவங்க மேல தப்பில்ல, எனக்கே சிரிப்பு வரும். ஆனா சிரிக்கவும் வாயைத் திறக்கணுமே. துண்டை எடுத்து வாயை மூடிக்குவேன். மூடுன வாயோட உக்காந்திருக்கற ஆளுகிட்ட யாரு நின்னு விலை கேப்பாங்க? பழகுன வீட்டம்மாவே ஒருத்தங்க, “என்ன அண்ணா, என் மேல கோவமா?”ன்னு கேட்டுட்டுப் போனாங்க.

ஊருக்குள்ள வேற பேச்சு. “பல்லில்லாம என்ன, சோறு இறங்கலையா? உனக்கு என்ன பொண்ணா பார்க்கறாங்க?”ன்னு ஒரு பங்காளி. கடவாய்ப்பல் போனா வைத்தியம், முன்பல் போனா அலங்காரம்னு ஒரு நினைப்பு எங்க பக்கம் உண்டு. எங்கப்பாவுக்கும் முன்பல் இல்லாமத்தான் கடைசிப் பத்து வருசம் போச்சு. அவரு அந்தப் பத்து வருசம் கூட்டத்துல பேசவே இல்லைங்கறதை இப்பத்தான் நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

முதல்ல கழட்டி மாட்டற தகடு ஒன்னு செஞ்சு குடுத்தாங்க. அண்ணத்துல ஒட்டிக்கற பிளாஸ்டிக் தகடு, முன்னால ரெண்டு பல்லு. வீட்டுக்குள்ள பரவாயில்ல. மாட்டை அதட்டுனா கீழ விழுது. ஒருதடவை கம்மங்கூழுக்குள்ள விழுந்து தேடி எடுத்தேன். அடுத்து பாலம் கட்டறதுன்னு ஒன்னு இருக்கு. ரெண்டு பக்கமும் இருக்கற பல்லைத் தேய்ச்சுச் சின்னதாக்கி, அதுமேல தொப்பி போட்டு, நடுவுல பல்லைத் தொங்க விடறது. செலவு கம்மி, மாசக்கணக்குல காத்திருக்க வேண்டாம். பக்கத்துப் பல்லு ஏற்கெனவே சொத்தையாகி உறை போட்டிருந்தா அதுதான் சரின்னு நானும் சொல்லுவேன். என் பக்கத்துப் பல்லுங்க கல்லு மாதிரி இருக்கு. ரெண்டு தென்னை விழுந்ததுக்காக அடுத்த ரெண்டு தென்னையோட மட்டையை வெட்டற மாதிரி எனக்குப் பட்டுச்சு.

மிச்சம் இருந்தது இம்பிளான்ட். செலவைக் கேட்டா, ரெண்டு பல்லுக்கு ரெண்டு நல்ல கறவை மாடு வாங்கலாம். மஞ்சள் வித்த காசு இருந்துச்சு. சொட்டுநீர்க் குழாய் மாத்த வச்சிருந்த காசு அது. வீட்ல ரெண்டு நாள் பேச்சே இல்ல. மூனாம் நாள் வீட்டுக்காரிதான், “குழாயை அடுத்த வருசம் போட்டுக்கலாங்க. நீங்க சிரிச்சு எத்தனை நாளாச்சுன்னு எனக்குத்தான தெரியும்”னா.

இம்பிளான்டுன்னா தாடை எலும்புக்குள்ள திருகி வைக்கற டைட்டானிய வேர். சின்ன ஸ்குரூதான். இது வந்த கதை நல்ல கதை. ஸ்வீடன்ல பெர்-இங்வார் பிரானேமார்க்குன்னு ஒரு ஆராய்ச்சியாளர், 1952-ல முயலோட கால் எலும்புல டைட்டானியக் குழாய் வச்சு, எலும்புக்குள்ள ரத்தம் எப்படி ஓடுதுன்னு பார்த்துட்டு இருந்தாரு. வேலை முடிஞ்சு குழாயைக் கழட்டப் பார்த்தா வரல. எலும்பு அதைப் பிடிச்சுக்கிட்டு வளந்திருக்கு. அவரு தேடுனது வேற, கிடைச்சது இது. 1965-ல முதல் மனுசனுக்குப் பல்வேரா வச்சாரு. அந்த ஆளுக்கு அது நாப்பது வருசத்துக்கு மேல நின்னுச்சு. எங்க வேலியோரம் ஒரு வேப்பமரம் இருக்கு. அப்பா காலத்துல அதுல முள்கம்பி அடிச்சது. இப்பக் கம்பி மரத்துக்குள்ள போயிருச்சு, பிடுங்கணும்னா மரத்தைத்தான் அறுக்கணும். டாக்டரம்மா எலும்பு ஒட்டறதைச் சொன்னப்ப எனக்கு அந்த வேம்புதான் ஞாபகம் வந்துச்சு.

முன்பல்லுல ஒரு சிக்கல் இருக்கு. பல்லுக்கு முன்பக்கம் இருக்கற எலும்பு ரொம்ப மெல்லிசு, பல இடத்துல ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. பல்லு போனா அது கரைஞ்சு உள்ள வாங்கிரும். எனக்கு வலது பக்கம் நல்லாவே வாங்கியிருந்துச்சு. அதுக்கு எலும்புத்தூள் வச்சுக் கட்டணும்னாங்க. “அண்ணா, இந்தத் தூள் மாட்டு எலும்புல இருந்து சுத்தம் பண்ணி எடுக்கறது. சிலபேர் வேண்டாம்பாங்க, செயற்கைத் தூளும் இருக்கு. நீங்க சொல்லுங்க”ன்னு டாக்டரம்மா கேட்டாங்க. கேட்காமலே வச்சிருந்தா எனக்குத் தெரியப் போறதில்ல. கேட்டாங்க பாருங்க, அதுலயே எனக்கு அவங்க மேல நம்பிக்கை வந்துருச்சு. அம்மாகிட்ட வந்து சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, “மாடு ஒடைச்சதுக்கு மாடே ஈடு கட்டுதா? அப்பச் சரி சாமி, வச்சுக்க”ன்னுச்சு.

சித்திரையில வேர் வச்சாங்க. ஆவணி வரைக்கும் எலும்பு பிடிக்கக் காத்திருக்கணும். பீடி, சர்க்கரை ரெண்டும் எனக்கு இல்லாததால சீக்கிரம் பிடிக்கும்னாங்க. அதுக்கப்புறம்தான் நான் சொல்ல வந்த வேலையே ஆரம்பம். கடவாய்ப்பல்லுன்னா நேரா அளவெடுத்துப் பல்லை மாட்டிரலாம். முன்பல்லு நாலு பேர் பார்க்கறது. பல்லு மட்டும் அழகா இருந்தாப் பத்தாது, அது ஈறுக்குள்ளயிருந்து முளைச்சு வந்த மாதிரி இருக்கணும். ரெண்டு பல்லுக்கு நடுவுல முக்கோணமா ஈறு இறங்கி நிக்குமே, அது இல்லைன்னா அங்க கருப்பு ஓட்டை தெரியும். பக்கத்துப் பக்கத்துல ரெண்டு இம்பிளான்ட் இருந்தா அந்த முக்கோணம் வர்றது இன்னும் சிரமமாம்.

அதுக்காக முதல்ல தற்காலிகப் பல்லு மாட்டி ஈறைப் பழக்குனாங்க. ரெண்டு வாரத்துக்கு ஒருதடவை போவேன். பல்லைக் கழட்டி, கழுத்துப் பக்கம் கொஞ்சம் பூசி உருண்டையாக்கி, திரும்ப முடுக்குவாங்க. ஈறு அமுங்கி வெளுத்துப் போகும். பத்துப் பதினஞ்சு நிமிசத்துல திரும்பச் சிவப்பு வரணும். வரலைன்னா அமுக்கம் அதிகம்னு அர்த்தம், கழட்டித் தேய்ச்சு மறுபடி மாட்டுவாங்க. புடலங்காய் பிஞ்சா இருக்கறப்ப நுனியில சின்னக் கல்லுக் கட்டித் தொங்க விடுவோமில்லைங்களா, வளையாம நேரா இறங்கறதுக்கு? அதே வேலை. கல்லு கனம் ஜாஸ்தியானா பிஞ்சு அத்துக்கும், கம்மியானா சுருண்டுக்கும். மூனு மாசத்துல ஈறு இறங்கி வந்து நின்னுச்சு. முழுசா வரல, முக்கால்வாசி வந்துச்சு. “இதுக்கு மேல இழுத்தா ஈறு பின்வாங்கிரும் அண்ணா”ன்னு நிறுத்திட்டாங்க.

நிறம் பார்க்க ஒருநாள் காலை பத்து மணிக்கு வரச் சொன்னாங்க. வெயில் வெளிச்சத்துலதான் பார்க்கணுமாம். என் தோள்ல கிடந்த பச்சைத் துண்டை எடுத்து வைக்கச் சொன்னாங்க, பக்கத்துல அழுத்தமான நிறம் இருந்தாக் கண்ணு ஏமாறுமாம். பதினாறு பல்லு வரிசையா குத்தி வச்ச சட்டம் ஒன்னு இருக்கு, வீட்டா சார்ட்டுன்னு பேரு. பெயின்ட் கடையில அட்டை காட்டுவாங்களே, அந்த மாதிரி. வாயைத் திறந்த உடனே அதை வச்சுப் பார்த்துட்டாங்க. கொஞ்ச நேரம் திறந்தே இருந்தா பல்லு காய்ஞ்சு, இருக்கறதைவிட வெள்ளையாத் தெரியுமாம். என் மகள் போன்ல, “அப்பா, நல்ல வெள்ளையாப் போடச் சொல்லு”ன்னா. டாக்டரம்மா சிரிச்சாங்க. “பக்கத்துல இருக்கறதெல்லாம் முப்பது வருசம் டீ குடிச்ச பல்லு. நடுவுல ரெண்டு மட்டும் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருந்தா, பேசறப்ப ஊரே அதைத்தான் பார்க்கும்.” ஏ3-ன்னு ஒரு மஞ்சள் சாயல் வந்துச்சு. மஞ்சள்காட்டுக்காரனுக்குப் பொருத்தம்தான்.

இனி ஸ்குரூவா சிமென்டாங்கற பேச்சு. எலும்புக்குள்ள இருக்கற வேருமேல பல்லை நிறுத்த ரெண்டு வழி. பல்லுக்குள்ள ஓட்டை வச்சு, அது வழியா ஸ்குரூவை விட்டு முடுக்கறது ஒன்னு. வேருமேல ஒரு சின்னத் தூணை முடுக்கி, அதுமேல பல்லை சிமென்ட் வச்சு ஒட்டறது இன்னொன்னு. தோட்டத்துக்காரனுக்கு இது புரியாதா? பிவிசி பைப்புல சொல்யூசன் போட்டு ஒட்டுன ஜாயின்ட்டும் உண்டு, மரை வச்ச யூனியனும் உண்டு. ஒட்டுனது சுளுவு, விலையும் கம்மி. ஆனா ஏதாவது அடைச்சுக்கிட்டா ஆக்சா பிளேடு வச்சு அறுக்கணும். யூனியனை ரெண்டு ஸ்பேனர் இருந்தாக் கழட்டிரலாம். வால்வு இருக்கற இடத்துல நான் எப்பவும் யூனியன்தான் போடுவேன்.

அதனால ரெண்டும் ஸ்குரூவே வைங்கன்னேன். இடது பக்கம் சரி. வேர் நல்ல சாய்வுல இருக்கு, ஸ்குரூ ஓட்டை பல்லுக்குப் பின்னால, நாக்குப் பக்கம் வருது. வலது பக்கம் எலும்பு இருந்த இடத்துலதான் வேரை நடணும்னு நட்டதுல, அது லேசா முன்னால சாஞ்சு நிக்குது. அதுல ஸ்குரூ வச்சா ஓட்டை பல்லோட முன்முகத்துல, நாலு பேர் பார்க்கற இடத்துல வரும். சாய்வுல திருப்பற மாதிரி ஸ்குரூவும் இப்ப வந்திருக்கு, என் வேருக்கு அது கிடைக்கல. அதனால வலதுக்குச் சாய்வைச் சரிபண்ணுன தூணு, அதுமேல சிமென்ட். தூணை ஜிர்க்கோனியாவுல செஞ்சாங்க. என் ஈறு மெல்லிசு, டைட்டானியமா இருந்தா உள்ளயிருந்து சாம்பல் நிறம் அடிக்குமாம்.

சிமென்டுன்ன உடனே எனக்குப் பயம். சித்தப்பா மகன் ஒருத்தன் வேற ஊர்ல பல்லு ஒட்டிக்கிட்டான். பிதுங்கி வழிஞ்ச சிமென்ட் ஈறுக்குள்ளயே நின்னுருச்சு. ரெண்டு வருசம் கழிச்சு சீழ் வச்சு, சுத்தி எலும்பு கரைஞ்சு, வேரையே எடுக்க வேண்டியதாப் போச்சு. இதை டாக்டரம்மாகிட்டச் சொன்னேன். “அந்தப் பயம் எனக்கும் இருக்குண்ணா, அதான் மெதுவாப் பண்றேன்”னாங்க.

மாட்டற அன்னிக்கு முதல்ல ரெண்டையும் சும்மா வச்சுப் பார்த்து, “வ வர்ற மாதிரி ஏதாவது பேசுங்க அண்ணா”ன்னாங்க. பல்லு நுனி கீழுதட்டை எங்க தொடுதுன்னு பார்த்துத்தான் நீளம் சரியான்னு முடிவு பண்ணுவாங்களாம். வேற என்ன வரும் எனக்கு? “வாங்க வாங்க, வாழக்கா, வெண்டக்கா, வெலை கம்மி”ன்னேன். வெளிய உக்காந்திருந்த ஒரு பெரியம்மா, “வாழக்கா எவ்வளவு?”ன்னு கேட்டுச்சு பாருங்க! டாக்டரம்மா ஊசிமுனையளவு தேய்ச்சுட்டு மறுபடி சொல்லச் சொன்னாங்க. மூனாந்தடவை சரியா வந்துச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்தது ஊசியாலன்னு அவங்க நினைச்சிருப்பாங்க. அன்னிக்கு ஊசியே போடல.

அப்புறம் இடது பல்லு. ஸ்குரூவை முடுக்க அளவு காட்டற சின்ன ராட்செட் வச்சிருக்காங்க. முப்பத்தஞ்சு நியூட்டன் சென்டிமீட்டர். டிராக்டர் வீல் நட்டுக்குக் குடுக்கற முடுக்குல நூத்துல ஒரு பங்குகூட வராது. அளவு வந்ததும் நிறுத்திட்டு, எக்ஸ்ரே எடுத்துப் பல்லு வேருமேல இடைவெளி இல்லாம உக்காந்திருக்கான்னு பார்த்தாங்க. பத்து நிமிசம் கழிச்சு மறுபடி முடுக்குனாங்க. ஏன்னு நான் கேட்கல. புது வீல் மாட்டுனா கொஞ்ச தூரம் ஓட்டிட்டு நட்டை மறுபடி முடுக்கறவன் நான். இரும்பும் இரும்பும் ஒன்னை ஒன்னு அமுக்கி உக்கார நேரம் வேணும்.

அடுத்து எடுத்தாங்க பாருங்க, எனக்குச் சிரிப்பே வந்துருச்சு. டெஃப்லான் டேப்பு! பைப்பு மரைக்குச் சுத்தற அதே வெள்ளை டேப்பு. சுத்தம் பண்ணி வச்சிருக்காங்க, அவ்வளவுதான் வித்தியாசம். அதை உருட்டி ஸ்குரூ தலைமேல அமுக்கி, அதுக்குமேல பல்லு நிறத்துல பூசி மூடுனாங்க. நாளைக்குக் கழட்டணும்னா பூச்சைத் தோண்டி டேப்பை இழுத்தா ஸ்குரூ தலை கெடாம இருக்கும்.

வலது பல்லுக்கு, ஈறோரம் மெல்லிசா ஒரு நூலைச் சொருகி வச்சாங்க, சிமென்ட் உள்ள இறங்காம இருக்க. பல்லுக்குள்ள சிமென்டைத் தடவி, வாயில வைக்காம, முதல்ல தூணு மாதிரியே செஞ்சு வச்ச ஒரு அச்சுமேல அமுக்குனாங்க. மிச்சமெல்லாம் வெளியவே பிதுங்கி வந்துருச்சு. உள்ள மெல்லிசா ஒரு படலம் மட்டும்தான் நிக்கும். அதை எடுத்து வாயில வச்சாங்க. இறுகுனதும் நூலை எடுத்து, சுத்தியும் சுரண்டி, மறுபடி எக்ஸ்ரே. அந்த சிமென்டும் வேணும்னாத் தட்டி எடுக்கற ரகம்தானாம்.

கடைசியா கலர்த்தாளைக் கடிக்கச் சொல்லி, கடி எங்க விழுதுன்னு பார்த்தாங்க. சொந்தப் பல்லு எலும்போட நேரா ஒட்டியிருக்காது, நடுவுல நார் மெத்தை மாதிரி ஒன்னு இருக்கும், கடிச்சாக் கொஞ்சம் அமுங்கும். இம்பிளான்டுக்கு அந்த மெத்தை இல்ல. எல்லாப் பல்லோடயும் சமமா நின்னா இதுமேலதான் பாரம் விழும். அதனால சாதாரணமாக் கடிக்கறப்ப மெல்லிசான தாள் ஒன்னு இடையில வழுக்கிப் போற அளவு விட்டாங்க. கரும்பை முன்பல்லால உரிக்கறது இனி கிடையாது. கொய்யாவைக் கத்தியாலதான் வெட்டணும். ஆலைக்கரும்பு நட்டு வச்சிருக்கறவனுக்கு இது தண்டனைதான்.

சந்தைக்கு இப்பத் துண்டு தோள்ல இருக்கு, வாயில இல்ல. பங்காளி வந்து உத்துப் பார்த்துட்டு, “எதுடா புதுசு?”ன்னு கேட்டான். நான் சொல்லல.

டாக்டரம்மா ஒரு சின்ன அட்டை குடுத்தாங்க. வேரோட கம்பெனி, குறுக்களவு, நீளம், தயாரிப்பு எண் எல்லாம் ஸ்டிக்கரா ஒட்டியிருக்கு. எந்தப் பக்கம் ஸ்குரூ, எந்தப் பக்கம் சிமென்ட்டுன்னும் கையால எழுதிக் குடுத்தாங்க. ஒவ்வொரு கம்பெனி ஸ்குரூவுக்கும் ஸ்குரூடிரைவர் வேற. பத்து வருசம் கழிச்சு வேற யாராவது கழட்ட வேண்டி வந்தா இந்த அட்டை இல்லாமத் திண்டாடுவாங்களாம். இம்பிளான்ட் வச்சிருக்கறவங்க உங்க டாக்டர்கிட்ட இதைக் கேட்டு வாங்கிக்குங்க. என்னோடதைத் தகரப்பெட்டியில பட்டா, சிட்டா, சப்மெர்சிபிள் மோட்டார் வாரன்டி கார்டு கூட வச்சிருக்கேன்.